ஒரே டிக்கெட், இரண்டு தாமதம்: ஒன்றுக்கு 1,200 யூரோ, இன்னொன்றுக்கு வழக்கு

பழைய வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஒரு தம்பதி, ஜெர்மனியில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றின் வழியாக ஃப்ராங்க்ஃபர்ட், அதே வழியில் திரும்பி வருவது. போக வர ஒரே டிக்கெட், ஒரே பி.என்.ஆர்., ஒரே வளைகுடா விமான நிறுவனம். போகும்போதும் தாமதம், வரும்போதும் தாமதம். இரண்டு முறையும் சொல்லப்பட்ட காரணம் தொழில்நுட்பக் கோளாறுதான்.

வரும்போது ஏற்பட்ட தாமதத்துக்கு ஆளுக்கு 600 யூரோ வீதம் 1,200 யூரோ வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்துவிட்டது. போகும்போது பட்ட பாடு அதைவிட அதிகம். அதற்கு ஒரு பைசாகூட வரவில்லை. அது இப்போது வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவாக நிற்கிறது.

ஏன் இந்த வித்தியாசம் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அந்தக் குடும்பத்துக்குக் கடிதங்கள் எழுதிக்கொடுத்தவன் என்ற முறையில் காகிதங்கள் எல்லாம் என் கைக்கு வந்தன. பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். நம் பக்கத்து மக்களில் பலர் கேட்க வேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் கிடைக்கவே கிடைக்காத பணத்துக்காக மாதக்கணக்கில் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே என்னை வருத்துகிறது.

நடந்தது என்ன

சென்னையில் விமானம் இரவு 9.30-க்குக் கிளம்ப வேண்டும். கேட் அருகே எல்லோரும் உட்கார்ந்த பிறகு, கோளாறு இருக்கிறது, சரிசெய்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அதே அறிவிப்பு. ஆளுக்கு ஒரு சாண்ட்விச்சும் ஜூஸும் கொடுத்தார்கள். ஹோட்டல் அறை கேட்டபோது, "இதோ கிளம்பிடும், இமிக்ரேஷன் முடிச்சவங்க வெளியே போக முடியாது" என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள். இருவருமே அறுபதைத் தாண்டியவர்கள். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. இரவு முழுக்க நாற்காலியிலேயே கழிந்தது. விமானம் கிளம்பியது காலை 6.05-க்கு. வளைகுடாவில் கனெக்டிங் ஃப்ளைட் போய்விட்டது. அடுத்த விமானம் பிடித்து ஃப்ராங்க்ஃபர்ட் போய்ச் சேரும்போது சுமார் 12 மணி நேரம் தாமதம். அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு மகள் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த ரயில் டிக்கெட் வீணாயிற்று. ஜெர்மன் ரயிலில் மலிவு விலை டிக்கெட் குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். அன்று மாலைக்குப் புது டிக்கெட் முழு விலையில் எடுத்தார்கள்.

திரும்பும்போது கதை சிறியது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானம் 2 மணி 10 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. வளைகுடாவில் இறங்கும்போது சென்னை விமானம் போய்விட்டிருந்தது. அங்கே ஹோட்டல், சாப்பாடு எல்லாம் குறைவில்லாமல் கொடுத்தார்கள். இரவு 2.45-க்கு மீனம்பாக்கம் வந்திருக்க வேண்டியவர்கள், மறுநாள் மதியம் 2.25-க்கு வந்தார்கள்.

மண்ணடியில் டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்டிடம் பெரியவர் விசாரித்தபோது வந்த பதில்: "சார், அதெல்லாம் அங்கத்த ஜனங்களுக்குத்தான். நம்ம பாஸ்போர்ட்டுக்குத் தர மாட்டாங்க." இந்த ஒரு வாக்கியம் எத்தனை குடும்பங்களின் பணத்தைத் தடுத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஏனென்றால் அது முழுத் தவறு. ஐரோப்பிய விதி பயணியின் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதே இல்லை. விமானம் எந்த மண்ணிலிருந்து கிளம்பியது, யாருடைய விமானம், இந்த இரண்டைத்தான் முதலில் பார்க்கிறது.

கிளம்பிய இடமும் நிறுவனத்தின் நாடும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி 2005 பிப்ரவரி 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்றிய நாட்டின் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் பயணம் என்றால் எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும் இந்த விதி பொருந்தும். வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பயணம் என்றால், ஐரோப்பிய நிறுவனம் ஓட்டும் விமானமாக இருந்தால்தான் பொருந்தும்.

இப்போது நம் தம்பதியின் டிக்கெட்டைப் பாருங்கள். திரும்பும் பயணம் ஃப்ராங்க்ஃபர்ட்டில் தொடங்கியது, ஆகவே வளைகுடா நிறுவனமானாலும் கட்டுப்பட்டே ஆக வேண்டும். போகும் பயணம் சென்னையில் தொடங்கியது, நிறுவனம் ஐரோப்பாவைச் சேர்ந்ததல்ல. எனவே விதி தொடவே தொடாது. அதே இரவு அதே 12 மணி நேரத் தாமதம் லுஃப்தான்சா போன்ற ஒரு ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்தில், அதே போன்ற கோளாறால் நடந்திருந்தால் ஆளுக்கு 600 யூரோ கேட்டிருக்கலாம்.

"போக வர ஒரே டிக்கெட்தானே, திரும்பும் பயணம் விதிக்குள் வருகிறது என்றால் போகும் பயணமும் வர வேண்டாமா?" என்று மகள் கேட்டார். நல்ல கேள்வி. இதே கேள்வியை எமிரேட்ஸ் தொடர்பான ஒரு வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2008 ஜூலையில் தீர்த்துவைத்திருக்கிறது. டுசல்டார்ஃபிலிருந்து துபாய் வழியாக மணிலா போன பயணியின் திரும்பும் விமானம் ரத்தானது. சேர்த்து முன்பதிவு செய்திருந்தாலும் போவது ஒரு பயணம், வருவது வேறு பயணம் என்று தீர்ப்பாயிற்று. மணிலாவிலிருந்து கிளம்பியதற்கு அந்தப் பயணியால் ஐரோப்பிய விதியைக் காட்ட முடியவில்லை. சென்னையிலிருந்து கிளம்பியதற்கு நம்மாலும் முடியாது.

தொகை தூரத்தைப் பொறுத்தது. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. 3,500-க்கு மேல் 600. இடைப்பட்ட தூரத்துக்கும், 1,500-ஐத் தாண்டிய ஐரோப்பாவுக்குள்ளேயான பயணங்களுக்கும் 400. டிக்கெட் விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நஷ்டத்துக்கு ரசீதும் காட்ட வேண்டாம். விதியின் மூல வாசகத்தில் இந்தப் பணம் ரத்தான விமானத்துக்குத்தான் சொல்லப்பட்டிருந்தது. சேருமிடத்தை 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தாலும் அதே உரிமை உண்டு என்று 2009 நவம்பரில் ஸ்டர்ஜன் வழக்கில் நீதிமன்றம் சொன்னது. நீண்ட தூரப் பயணத்தில் தாமதம் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட மணி நேரமானால் நிறுவனம் பாதியாகக் குறைக்கலாம், 300 யூரோ.

லண்டனில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறினாலும் இதே விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. நீண்ட தூரத்துக்கு 520 பவுண்டு. அங்கிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் பொருந்தும். சென்னையிலிருந்து அங்கே போகும்போது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனமாக இருக்க வேண்டும்.

நிறுவனம் சொன்ன மூன்று பதில்

திரும்பிய பயணத்துக்கு நிறுவனத்தின் இணையப் படிவத்தில் முதலில் கேட்டோம். வந்த பதில் ஒரு வவுச்சர், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாமாம். மகள் கிட்டத்தட்ட "சரி" என்று அழுத்தப் போனார். நல்லவேளை, முதலில் அனுப்பிக் காட்டினார். ரொக்கமாகவோ வங்கி வழியாகவோதான் தர வேண்டும், வவுச்சர் என்றால் பயணியின் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும் என்று அந்த விதியின் 7-ஆவது பிரிவே சொல்கிறது. அந்தச் சம்மதத்தைக் கொடுத்துவிட்டால் அப்புறம் கேட்பது கஷ்டம். மறுத்து எழுதினோம்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஃப்ராங்க்ஃபர்ட் விமானம் 2 மணி 10 நிமிடம்தான் தாமதம், 3 மணி நேரம் ஆகவில்லை. சென்னை விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது, அதுவும் ஐரோப்பாவுக்கு வெளியே. ஆகவே எதுவும் இல்லை என்றார்கள். தனித்தனியாகப் பார்த்தால் நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் ஒரே முன்பதிவில் இருக்கும் கனெக்டிங் பயணத்தை முழுதாகத்தான் பார்க்க வேண்டும். பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாதிர் போன ஒரு பயணியின் வழக்கில், ராயல் ஏர் மரோக் நிறுவனத்துக்கு எதிராக 2018 மே 31-இல் வந்த தீர்ப்பு இதுதான். விமானம் மாறிய இடம் ஒன்றியத்துக்கு வெளியே என்பது பொருட்டல்ல, கடைசியாகச் சேர வேண்டிய ஊரை எத்தனை மணிக்கு அடைந்தார் என்பதுதான் கணக்கு. நம்மவர்கள் சேர வேண்டிய ஊர் சென்னை, தாமதம் 11 மணி 40 நிமிடம்.

ஒரே முன்பதிவு என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தண்டையார்பேட்டைப் பையன் ஒருவனின் அனுபவத்தைச் சொல்கிறேன். விலை குறைவு என்று ஐரோப்பாவிலிருந்து வளைகுடாவுக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து சென்னைக்கு வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் எடுத்திருந்தான். முதல் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம், இரண்டாவது போய்விட்டது. புது டிக்கெட் கைக்காசில் வாங்கி வந்தான். அவனுக்கு இந்த விதியில் இழப்பீடு கிடையாது, ஏனென்றால் முதல் டிக்கெட்டின் சேருமிடம் வளைகுடா நகரம்தான், அங்கே தாமதம் 3 மணி நேரத்துக்குள்.

மூன்றாவது பதில் எல்லா நிறுவனங்களும் கடைசியில் எடுக்கும் ஆயுதம்: அசாதாரணச் சூழ்நிலை. எவ்வளவு கவனமாக இருந்தும் தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதம் ஆனால் பணம் தர வேண்டாம் என்பது உண்மைதான். 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயலின்போது ஓடுபாதையில் தண்ணீர் நின்று மீனம்பாக்கம் மூடப்பட்டதே, அது அசாதாரணம். அன்று எந்தச் சட்டத்தைக் காட்டியும் யாரும் 600 யூரோ வாங்கியிருக்க முடியாது. அப்படிப்பட்ட நாளிலும் ஐரோப்பிய விதிக்குள் வரும் பயணிக்கு உணவும் தங்குமிடமும் தரும் கடமை நிற்காது. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் 2010-இல் வானம் மூடப்பட்ட விவகாரத்தில், 2013-இல் இதையும் நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது.

ஆனால் விமானத்தில் ஒரு பாகம் பழுதாவது புயல் அல்ல. அல்இட்டாலியா நிறுவனத்துக்கு எதிரான 2008 டிசம்பர் தீர்ப்பில் எஞ்சின் டர்பைன் கோளாறைக்கூட நீதிமன்றம் தானாகவே அசாதாரணம் என்று ஏற்கவில்லை. விமானம் ஓட்டும் தொழிலில் வழக்கமாக வரக்கூடிய பழுது நிறுவனத்தின் பொறுப்புதான். தயாரிப்பிலேயே மறைந்திருந்த குறைபாடு, நாசவேலை போன்றவை வேறு. இந்த டர்பைன் தீர்ப்பையும் முன்பு சொன்ன ராயல் ஏர் மரோக் தீர்ப்பையும் குறிப்பிட்டு, ஜெர்மனியின் சமரச அமைப்புக்கும் தேவைப்பட்டால் ஃப்ராங்க்ஃபர்ட் நீதிமன்றத்துக்கும் போவோம் என்று எழுதினோம். அந்தக் கடிதத்துக்குப் பிறகு வாதம் எதுவும் வரவில்லை. வங்கி விவரமும் ஸ்விஃப்ட் கோடும் கேட்டார்கள், பணம் வந்தது.

இடையில் இணையத்தில் வரும் இழப்பீட்டு ஏஜென்சிகளிடம் கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தார்கள். வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம் என்பார்கள், அந்தக் கட்டணம் தொகையில் மூன்றில் ஒரு பங்கு வரை போகும். விஷயம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது முதலில் நாமே எழுதிப்பார்ப்பதுதான் என் யோசனை. நிறுவனம் பிடிவாதம் பிடித்தால் அப்போது அவர்களிடம் போகலாம். ஜெர்மனியில் இந்தக் கோரிக்கைக்குப் பொதுவாக, பயணம் செய்த ஆண்டின் முடிவிலிருந்து 3 ஆண்டு அவகாசம் உண்டு. வேறு நாட்டிலிருந்து கிளம்பியிருந்தால் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

பெரியவரின் டாலிக் கணக்கு

இந்த வழக்கில் வேலையை எளிதாக்கியது பெரியவரின் பழக்கம். அவர் சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை மூட்டை மூட்டையாக எண்ணி, நேரம் போட்டு எழுதுவதுதான் வாழ்நாள் வேலை. போர்டிங் பாஸ்களின் பின்பக்கத்தில் பென்சிலால் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார்: எத்தனை மணிக்கு எந்த அறிவிப்பு, சாண்ட்விச் கொடுத்த நேரம், ஹோட்டல் கேட்டபோது சொன்ன பதில், கவுன்டர் எண். திரும்பிய பாஸில் கடைசி வரி, "டயர் தொட்டது 2.09. கதவு திறந்தது 2.25." பக்கத்தில் சுருக்கொப்பம்.

கதவு திறந்த நேரத்தை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். "கதவு திறந்தாத்தானே தம்பி சரக்கு எறங்கும்" என்றார். ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் ஜெர்மன்விங்ஸ் வழக்கில் சொன்னதும் அதேதான். சக்கரம் தரையைத் தொட்ட நேரம் வருகை நேரமல்ல, ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்க அனுமதிக்கப்பட்ட நேரம்தான் வருகை நேரம். 2 மணி 55 நிமிடமா, 3 மணி 5 நிமிடமா என்று இழுபறியாக நிற்கும் வழக்குகளில் இந்தச் சில நிமிடங்கள்தான் இழப்பீடு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

அவரிடம் இல்லாதது நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்திகளும் மெயில்களும். முன்பதிவில் ஏஜென்ட் தன் மெயிலையும் தன் செல் எண்ணையும் போட்டிருந்தார். தாமத அறிவிப்பு, மாற்று விமான விவரம் எல்லாம் மண்ணடிக்குப் போயிருந்தது. ஏஜென்டிடம் டிக்கெட் எடுப்பதில் தப்பில்லை, நம் பக்கத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் எடுக்கிறோம். ஆனால் பயணியின் சொந்த எண் பதிவாகியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

சென்னையில் கழிந்த இரவு

போகும் பயணத்துக்கு வருவோம். இந்தியாவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) விதிகள் 2010-இலிருந்து இருக்கின்றன. தாமதமானால் உணவு, உள்நாட்டு விமானத்தில் 6 மணி நேரத்துக்கு மேல் போகும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரவு 8 முதல் அதிகாலை 3-க்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்குமிடம் என்றெல்லாம் அவற்றில் உண்டு. ரத்துக்கும், இடமில்லை என்று ஏற்ற மறுப்பதற்கும் ரூபாய்க் கணக்கு இருக்கிறது. வெறும் தாமதத்துக்கு ரொக்கம் இல்லை. இவ்வளவு பேர் வெளிநாடு போகும் நாட்டில் இந்த ஓட்டை இன்னும் அடைக்கப்படாமல் இருப்பது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

ஆக மிஞ்சுவது, சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்று சொல்லும் மாண்ட்ரியல் உடன்படிக்கை. 1999-இல் உருவானது, இந்தியா 2009-இல் சேர்ந்தது, நம் 1972-ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையாக இருக்கிறது. அதன் 19-ஆவது பிரிவு தாமதத்தால் ஏற்படும் நஷ்டத்துக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 6,303 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் 7 லட்சத்துக்கு மேல். இந்த எண்ணைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். அது கூரை, யாருக்கும் தானாகக் கிடைக்காது. நிரூபித்த நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான். கால வரம்பு 2 ஆண்டு, அதற்கு மேல் உரிமையே போய்விடும்.

நம் தம்பதியிடம் ரசீதோடு இருந்தது மாலை ரயில் டிக்கெட் மட்டும். நாற்காலியில் கழிந்த இரவுக்கு ரசீது ஏது? ஹோட்டல் மறுக்கப்பட்ட நேரத்தில் எழுத்தில் ஒரு வரி வாங்கியிருந்தால், அல்லது விமான நிலையத்தில் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் செய்த செலவுக்கு பில் வைத்திருந்தால், அதுவும் கணக்கில் சேர்ந்திருக்கும். பெரியவரின் பென்சில் குறிப்புகள் சாட்சியமாக உதவும், செலவுக் கணக்குக்கு உதவாது.

நிறுவனம் ரயில் டிக்கெட் பணத்தையும் மறுத்தது. எங்கே வழக்குப் போடுவது? போக வர டிக்கெட் என்றால் உடன்படிக்கையின் கணக்கில் சேருமிடம் தொடங்கிய ஊரேதான், அதாவது சென்னை. சேருமிடத்தில் வழக்குத் தொடரலாம் என்று 33-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே மனு செய்யலாம் என்கிறது. நுகர்வோர் அமைப்புகள் இத்தகைய சர்வதேச விமானப் புகார்களை விசாரிக்கலாமா என்ற சந்தேகத்தை உச்ச நீதிமன்றம் 2011-இல் டிரான்ஸ் மெடிடரேனியன் ஏர்வேஸ் வழக்கில் நீக்கிவிட்டது. கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. மனுவை நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பதிவேற்றினோம். ரயில் டிக்கெட் பணம், சேவைக் குறைபாட்டுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு தொகை, இவ்வளவுதான் கோரிக்கை. மன உளைச்சலுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, அதைக் குடும்பத்திடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பெரியவருக்கு இருந்த பயம் வேறு. கோளாறுக்கு யார் காரணம் என்று நாம் எப்படி நிரூபிப்பது? நிரூபிக்க வேண்டியவர்கள் நாமல்ல. தாமதத்தைத் தவிர்க்கத் தேவையான நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுத்தோம் என்று காட்டும் பாரம் 19-ஆவது பிரிவின்படி நிறுவனத்தின் மேல் இருக்கிறது. ஜம்முவுக்கு ரயில் தாமதமாகப் போய் ஒரு குடும்பம் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட வழக்கில், தாமதத்துக்கான காரணத்தை ரயில்வே விளக்கி நிரூபிக்கவில்லை என்றால் இழப்பீடு தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதையும் மனுவில் சேர்த்திருக்கிறோம்.

ஐரோப்பிய விதியும் இப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். 3 மணி நேரம் என்ற வரம்பைக் குறுகிய தூரத்துக்கு 4 ஆகவும், நீண்ட தூரத்துக்கு 6 ஆகவும் உயர்த்தி, தொகையை 300, 500 யூரோ என்று மாற்ற உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் 2025 ஜூனில் ஒரு நிலைப்பாடு எடுத்தார்கள். பயண நாளில் எந்த விதி அமலில் இருந்தது என்று பார்த்துக் கேளுங்கள்.

வழக்கில் நிறுவனத்துக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் மனுவுக்கு 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்பதை 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே உறுதிப்படுத்தியிருக்கிறது. நாங்கள் கேட்டிருக்கும் ஆவணம் ஒன்றுதான்: அன்றிரவு அந்த விமானத்தின் பராமரிப்புப் பதிவேடு. கோளாறு எத்தனை மணிக்குத் தெரிந்தது, உதிரிபாகம் எப்போது வந்தது, 8 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது எப்போது தெரிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஹோட்டல் தராமல் "இதோ கிளம்பிடும்" என்று சொன்ன நேரம் பெரியவரின் போர்டிங் பாஸில் இருக்கிறது, இரவு 11.50.